உன் பேரைக் கொஞ்சம் குடு தம்பி

எங்கள் கல்லூரியில் போன மாதம் சைபர் குற்ற விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வழக்கம்போல கட்டாய வருகை, வழக்கம்போல மைக் கீச்சென்று கத்தியது. பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். ஓ.டி.பி. சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே, பணம் போனால் உடனே 1930-க்குக் கூப்பிடு... எல்லாம் சரி. முடிக்கும்போது ஒன்று சொன்னார் பாருங்கள். "நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க இதுக்கெல்லாம் போக மாட்டாங்க. அப்பா அம்மா சரியில்லாத, உடைஞ்ச குடும்பத்துல இருந்து வர்றவங்கதான் இதுல மாட்டுறாங்க."

அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. எனக்கு நாலு நாற்காலி தள்ளி ஒருத்தன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். இந்தக் கட்டுரையில் பாதி அவனைப் பற்றியது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்ன வேணா எழுது, பேரை மட்டும் போட்டுறாத" என்றான். ஊர், டிபார்ட்மென்ட் எல்லாம் மாற்றிவிட்டேன். நம்ம கிளாஸ் மக்களே, தயவுசெய்து துப்பறிய வேண்டாம் :-)

எனக்கு அந்தப் பேச்சில் வந்த கோபம் இதுதான். அவன் வீடு உடைந்த வீடு இல்லை. அப்பா குடிக்க மாட்டார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அப்பத்தா, சித்தப்பா, அத்தை எல்லாரும் கூப்பிடு தூரத்தில். கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர் போகிற வழியில், குத்தகை நிலத்தில் கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பம். ஒருத்தருக்கு ஒன்று என்றால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அந்த ஒட்டுறவுதான் அவனை இதில் இழுத்துவிட்டது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், ஆன்லைன் குற்றம் என்றவுடன் நமக்கு வரும் படத்தை அழிக்க வேண்டும். இருட்டறை, கறுப்பு ஜெர்கின், திரையில் பச்சை எழுத்து ஓடுவது... அதெல்லாம் சினிமா. எங்கள் பக்கத்துப் பையன்கள் மாட்டுகிற குற்றத்துக்கு கம்ப்யூட்டர் அறிவே தேவையில்லை. ஒரு பாஸ்புக், ஒரு ஏ.டி.எம். கார்டு, ஒரு சிம், அவ்வளவுதான்.

எங்கோ ஒருவரிடம் "நாங்க சி.பி.ஐ. பேசுறோம்" என்றோ, "பங்குச் சந்தையில் இரட்டிப்பாக்கித் தர்றோம்" என்றோ சொல்லி பணம் பறிக்கிறார்கள். பறித்தவன் தன் சொந்தக் கணக்கில் அதை வாங்கினால் மறுநாளே பிடிபடுவான். அதனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கணக்குக்கு வரவைத்து, அங்கிருந்து ஐந்து கணக்கு, அதிலிருந்து இருபது கணக்கு என்று சில நிமிஷங்களில் சிதறடித்து, கடைசியில் ஏ.டி.எம்.-மில் எடுத்துவிடுவார்கள், அல்லது கிரிப்டோவாக மாற்றி நாடு கடத்திவிடுவார்கள். ஏமாந்தவர் 1930-க்குக் கூப்பிட்டதும் அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை வரிசையாக முடக்குவார்கள். ஒரு கணக்கு நாலு நாள் தாங்கினாலே அதிகம். ஆக, இந்தத் தொழிலுக்கு மூலப்பொருளே புதுப்புதுக் கணக்குகள்தான். ஆங்கிலத்தில் மியூல் அக்கவுண்ட் என்பார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. பொதி யாருடையது என்று தெரியாமல் சுமப்பது. 2025 ஜூனில் சி.பி.ஐ. சோதனை நடத்தியபோது, நாடு முழுக்க 700-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 லட்சம் மியூல் கணக்குகள் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 2023-ல் 7,465 கோடி ரூபாய், 2024-ல் 22,845 கோடி. இத்தனை கோடியும் யாராவது ஒருத்தர் பாஸ்புக் வழியாகத்தானே போயிருக்க வேண்டும்?

நம்ம ஆள் கணக்கு கல்லூரியில் சேர்ந்தபோது திறந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்காக. (2024 ஆகஸ்ட் 9-ல் கோயம்புத்தூரில் தொடங்கினார்களே, அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். எங்களுக்கு 2022-லிருந்தே புதுமைப் பெண்.) அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். அவன் பேரில் அவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த முதல் பணமும் அதுதான்.

கேட்டு வந்தது வில்லன் இல்லை. ஹாஸ்டலில் முன்பு தங்கியிருந்த ஒரு அண்ணன், "நம்ம மலைக்காரர்". பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தவர், ஒரு தடவை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர். "தம்பி, ஆன்லைன் கேம் பிசினஸ் பண்றேன். என் அக்கவுண்ட்ல இந்த மாச லிமிட் முடிஞ்சிருச்சு. நாலு நாளைக்கு உன் பேரைக் கொஞ்சம் குடு. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். இவன் கார்டையும் பாஸ்புக்கையும் புது சிம்மையும் கொடுத்துவிட்டான்.

"உன் பேரைக் கொஞ்சம் குடு". இந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. உண்மையில், அது எனக்கு ரொம்பப் பழக்கமான வாக்கியம். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது. உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். நிலத்துக்குப் பட்டா இறந்துபோன தாத்தா பேரில். கேஸ் கனெக்‌ஷன் அத்தை பேரில். அப்பாவின் சிம் என் மாமா பேரில். அம்மா பேரில் மகளிர் குழுக் கடன் இருக்கிறது, அந்தப் பணத்தில் வாங்கிய பைக்கை ஓட்டுவது சித்தப்பா. சித்தப்பா மாதா மாதம் அம்மா கையில் கொண்டுவந்து கொடுப்பார், அம்மா குழுவில் கட்டுவார். ஒரு மாதம் அவரால் முடியாவிட்டால் அம்மா எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவார். யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால்தான் அசிங்கம்.

2021-ல் கூட்டுறவு வங்கியில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள் இல்லையா, அப்போது எங்கள் ஊரில் நடந்த கூத்தை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம். நகை ஒருத்தருடையது, கடன் பேர் இன்னொருத்தருடையது, பணம் போனது மூன்றாவது ஆளுக்கு. தள்ளுபடி யாருக்கு? நகை திரும்பி யார் கைக்கு வரும்? ஒரு வாரம் திண்ணைதோறும் பஞ்சாயத்து. பெரிய சண்டையெல்லாம் வரவில்லை. ஏனென்றால் யார் யாருக்குப் பேர் கொடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பூண்டு வியாபாரமும் இதே கதைதான். வடுகபட்டி மண்டியில் முன்பணம் வாங்கித்தான் பாதிப் பேர் விதைப்பூண்டு ஊன்றுகிறார்கள். நான் பேர் சொன்னால் உனக்கு முன்பணம் கிடைக்கும், நீ பேர் சொன்னால் அவனுக்குக் கிடைக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வங்கி கடன் கொடுக்காது. பேரைக் கடன் கொடுத்து வாங்கித்தான் எங்கள் வீடுகள் ஓடியிருக்கின்றன. பேர் கொடுக்க மறுப்பவனை ஊரில் "கல்நெஞ்சுக்காரன்" என்பார்கள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, வங்கிக் கணக்கு என்பது சட்டப்படி தன் ஒருத்தனுடைய பொறுப்பு, அதில் வந்துபோகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தான் பதில் சொல்ல வேண்டும் என்று எப்படித் தோன்றும்? ஆதார், கே.ஒய்.சி. எல்லாம் "ஒரு பேர், ஒரு ஆள்" என்ற கணக்கில் ஓடுகிறது. எங்கள் வீடுகள் "ஒரு பேர், பத்து ஆள்" என்ற கணக்கில் ஓடுகின்றன. மோசடிக்காரன் இந்த இரண்டுக்கும் நடுவில் கடை போட்டிருக்கிறான். அவன் உடைந்த குடும்பத்தைத் தேடி வருவதில்லை. பேர் கொடுக்கத் தயங்காத குடும்பத்தைத் தேடி வருகிறான்.

சரி, அந்த எட்டாயிரம் வீட்டுக்கு வந்தபோது யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். "பார்ட் டைம் வேலைம்மா" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச்சில் மலையை மூடினார்கள். ஏப்ரல், மே சீசன் முழுக்கப் போனது. 2021 சீசனும் அப்படியே. கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுபவர், லாட்ஜில் வேலை பார்ப்பவர், ஏரிக்கரையில் சோளம் சுடுபவர், எல்லாருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் வருஷச் சம்பாத்தியம். அதே நேரத்தில்தான் ஆன்லைன் கிளாஸ் என்று போன் வாங்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் கடன் வாங்கித்தான் போன் வாங்கினோம். (யார் பேரில் கடன் என்று கேட்காதீர்கள்.) சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டோம். அந்த போனுக்குள் என்ன இருக்கிறது, நாங்கள் என்ன செய்கிறோம் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கேரட்டைப் பார்த்தால் எந்த நோய் என்று சொல்லத் தெரியும். போனில் பிள்ளை சம்பாதித்தான் என்றால், அது எந்த மாதிரி வேலை, அதற்கு அவ்வளவு கூலி நியாயமா என்று சொல்லத் தெரியாது. ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு நாளில் களை எடுக்க முடியாது என்று தெரிந்த மனிதருக்கு, போனில் முடியாது என்று தெரியவில்லை. இதை வளர்ப்பு சரியில்லை என்று சொல்வது அநியாயம்.

இதையே பெரிய அளவில் பார்த்தது 2022-ல். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று அழைத்துப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே வேலை, பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆட்களை மயக்கி கிரிப்டோவில் பணம் போட வைப்பது. மறுத்தால் அடி, ஷாக். 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், சிக்கியிருக்கும் சுமார் 300 இந்தியர்களில் ஏறக்குறைய 50 பேர் தமிழர்கள் என்று சொன்னார். அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். அத்தோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்ன மதிப்பீடு, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயத்தில் மோசடி வேலை செய்யும் நிலையில் இருக்கலாம் என்பது. இவர்களைக் குற்றவாளி என்பதா, பலி என்பதா? நாளைக்கு நூறு பேரை ஏமாற்ற வைக்கப்பட்ட ஒருத்தனை எந்த வரிசையில் நிறுத்துவது? எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை.

இதில் ஒரு சட்ட விஷயம் எனக்கு ரொம்ப உறுத்தியது. 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாவது பாஸ் ஆகாதவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அரசு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. பத்தாவது பாஸ் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, பாஸ்போர்ட்டே அப்படித்தான் வரும். படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்பது கணக்கு. ஆனால் வீட்டிலேயே முதல் ஆளாகப் பத்தாவது தாண்டியவனுக்கு, அந்த வேலைக் கடிதம் உண்மையா என்று பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவன்தானே அந்த வீட்டின் மெத்தப் படித்த மேதாவி!

என் சித்தப்பா மகனுக்கு 2023-ல் இதே மாதிரி ஒரு அழைப்பு வந்தது. கம்போடியா, கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் அவர்களே போடுவார்கள். சொன்னவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், அவரும் "தம்பி"தான் போட்டார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், சித்தி சுவீட் எல்லாம் வாங்கிவிட்டார். சிங்கப்பூரில் பத்து வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்த மாமா ஒருத்தர் எங்களுக்கு உண்டு. அவர் டீ குடித்துக்கொண்டே ரெண்டு கேள்வி கேட்டார். "வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா? கம்பெனிக்காரன் போன் நம்பர் இருக்கா, இல்ல ஏஜெண்ட் நம்பர் மட்டும்தானா?" அவ்வளவுதான். பயணம் நின்றுவிட்டது. தம்பி ஒரு மாதம் மாமாவிடம் பேசவில்லை. இப்போது ஒட்டன்சத்திரத்தில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறான், சம்பளம் சுமார்தான். அந்த மாமாவை ஊரில் யாரும் பெரிய ஆளாக மதிப்பதில்லை. குடிப்பார். மனைவியுடன் சண்டை. கூட்டத்தில் பேசியவர் கணக்கில் அவர் வீடுதான் "உடைந்த குடும்பம்".

ஜாம்தாரா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜார்கண்டில் இருக்கிறது, 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் கூட வந்தது. அந்தப் பக்கத்து கர்மாடாரில்தான் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தார், ரயில் நிலையத்துக்கே அவர் பெயர். அங்கே அண்ணனைப் பார்த்துத் தம்பி, மாமனைப் பார்த்து மருமகன் என்று போன் மோசடி கைத்தொழில் மாதிரிப் பரவியது. பழனி மலையில் நிலைமை அப்படி இல்லை. இங்கே தொழில் கற்றுத் தரும் குடும்பம் இல்லை, பேர் கொடுக்கும் குடும்பம்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "குடும்பப் பின்னணி" என்று ஒரு வார்த்தையில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

"அப்ப ஏழைங்கதான் செய்றாங்கன்னு நீயும் சொல்ற" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இல்லவே இல்லை. பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை 2017-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அவர்கள் விசாரித்த சைபர் குற்ற வழக்குகளில் சந்தேக நபர்களின் சராசரி வயது 17. போதைப்பொருள் வழக்குகளில் 37, பொருளாதாரக் குற்றங்களில் 39. அந்தப் பையன்களில் பலருக்குப் பணம் முக்கியமே இல்லை, கூட்டாளிகளிடம் பேர் வாங்குவதுதான் முக்கியம் என்றது அறிக்கை. (அங்கேயும் பேர்தான் பாருங்கள், ஆனால் வேற பேர்.) 2000 பிப்ரவரியில் யாஹூ, அமேசான், சி.என்.என். தளங்களை முடக்கிய "மாஃபியாபாய்" மைக்கேல் கால்ஸ் கனடாவின் மான்ட்ரியல் பக்கத்தில் வளர்ந்த 15 வயதுப் பையன். ஆறு வயதில் அப்பா கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்த வீடு.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது பராஸ் ஜா. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வளர்ந்த இந்திய வம்சாவளி மாணவர். 2016-ல் லட்சக்கணக்கான வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிய மிராய் என்ற நிரலை இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதியவர். தான் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இணையத்தையே திரும்பத் திரும்ப முடக்கியவர். 2018 செப்டம்பரில் மிராய் வழக்கில் கிடைத்தது ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேர சமூகப் பணி. எஃப்.பி.ஐ.-க்கு அவர்கள் உதவியதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் ரட்கர்ஸ் வழக்கில் 86 லட்சம் டாலர் இழப்பீடும், ஆறு மாத வீட்டுக்காவலும். அவர் திருந்தக் கூடாது, ஜெயிலில்தான் போட வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அந்த வயதுப் பையனுக்கு அதுதான் சரியான தண்டனை என்றே நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு திறமை இருப்பவனை "இவனைக் காப்பாற்றி உபயோகப்படுத்தலாம்" என்று பார்க்கிறார்கள். கணக்கு மட்டும் கொடுத்தவனிடம் காப்பாற்றி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவனுக்கு யார் தலைவன் என்று கூடத் தெரியாது.

நம்ம பக்கமே ஒன்று பார்த்தேன். நான் பதினொன்றாவது படிக்கும்போது, வசதியான வீட்டுப் பையன் ஒருத்தன் எங்கள் கிளாஸ் பெண் ஒருத்தியின் போட்டோவை எடுத்து இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி கண்டபடி எழுதிவிட்டான். கண்டுபிடித்ததும் அவன் அப்பா காரில் வந்தார், பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார், "விளையாட்டுப் பிள்ளை" என்றார். போலீஸ் வரை போகவில்லை. அவன் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அந்தப் பெண்ணின் வீட்டில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், பிளஸ் டூ-வோடு படிப்பும் நின்றது. குற்றத்துக்குள் போவதற்கு மட்டுமில்லை, குற்றத்திலிருந்து வெளியே வருவதற்கும் குடும்பப் பின்னணி வேண்டும். காரில் வருகிற மாதிரி ஒரு அப்பா வேண்டும்.

என் நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் என்றார் அண்ணன். மூன்றாம் நாளே கணக்கு முடங்கியது. அண்ணன் போன் சுவிட்ச் ஆஃப், இன்று வரைக்கும். இரண்டு மாதம் கழித்து வட மாநிலம் ஒன்றின் சைபர் போலீஸிடமிருந்து, பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில், விசாரணைக்கு நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ். அவன் வீட்டில் அதைப் படிக்க ஆள் இல்லை. அவனே அதைப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு சைபர் மோசடி நோட்டீஸ்தான் போல என்று கிழிக்கப் போயிருக்கிறான்! நல்லவேளை, எங்கள் சீனியர் அக்கா ஒருத்தர் தடுத்தார். ஆள்மாறாட்ட மோசடிக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவும் நோட்டீஸில் இருந்தது. மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2014-லிருந்து சைபர் குற்றத்துக்கு குண்டர் சட்டமும் உண்டு, விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். இவன் மேல் அது வரவில்லை. ஆனால் இதையெல்லாம் படித்துப் படித்தே அவனுக்குப் பாதி எடை குறைந்துவிட்டது.

தமிழ்ப் புதல்வன் பணம் 1,000 ரூபாய் மாதா மாதம் அதே கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. எஸ்.எம்.எஸ். மட்டும் வரும், எடுக்க முடியாது. கணக்கை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறான். வக்கீல் வைக்க, அந்த ஊருக்கு அப்பாவும் மகனும் ரயிலில் போய் வர, அத்தையின் செயின் அடகுக்குப் போனது. வங்கியில் யார் பேரில் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த நோட்டீஸோடு புகாரின் நகலும் இருந்தது. அவன் கணக்கு வழியாகப் போனதில் ஒரு தொகை 1,84,000 ரூபாய். இழந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. எங்கள் அக்கா அதை அவன் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னபோது நானும் இருந்தேன். அவர் பையனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மாவுக்கு நாமதானே குடுக்கணும்? நம்ம பேர்லதானே போயிருக்கு. இந்தக் கேரட் எடுத்ததும் ஒரு பகுதியக் கட்டிட்டு, மீதிய பூண்டுல கட்டிறலாமா?" என்று கேட்டார். எட்டாயிரம்தான் அவன் வாங்கினான் என்று அக்கா எடுத்துச் சொல்லியும் அவர் கணக்கு மாறவில்லை. வக்கீல்தான், இப்போது பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், எதுவும் செய்யாதீர்கள் என்று தடுத்து வைத்திருக்கிறார். அடுத்த வாய்தா வருகிற மாதம். கேரட் அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள்.